பொருள்: மறு: கவுண்டர்ஃபேக்சுவல் = எதிர்மெய்?

வணக்கம்.

> ‘கவுண்டர்ஃபேக்சுவல்’ என்பதற்கு ‘எதிர்மெய்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நடந்த ஒன்று நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்துப் பார்ப்பதுதான் கவுண்டர்ஃபேக்சுவல். அதற்கு ‘எதிர்மெய்’ எனக்கு ஒப்பவில்லை. மெய்க்கு எதிர் பொய்தானே என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘மாற்று வரலாறு’ என்றாலோ நாவல் ஞாபகம் வருகிறது.

பொருளியல் வரலாற்றில் இந்தச் சொல்லுக்குப் பேர் வாங்கித் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரயிலே இல்லாதிருந்தால் 1890-இல் அமெரிக்கா எவ்வளவு இழந்திருக்கும்? 1964-இல் பொருளியல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல் கேட்ட கேள்வி இது. ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். மனிதர் மீசைக்கு விலையே போட்டுப் பார்த்துவிட்டார். கோதுமையும் மக்காச்சோளமும் படகிலும் குதிரை வண்டியிலும் போனால் கூலி எவ்வளவு, வழியில் சேதாரம் எவ்வளவு, கால்வாய் உறைந்து கிடக்கும் குளிர்கால மாதங்களுக்குச் சரக்கை முன்கூட்டியே இருப்பு வைக்க என்ன செலவு என்று ஒவ்வொன்றாக. காகிதத்திலேயே 5,000 மைல் கால்வாயும் வெட்டினார்! எல்லாச் சரக்குக்கும் நீட்டிப் பார்த்தாலும் ரயிலால் மிச்சமானது தேசிய உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றுதான் வந்தது. ரயில்தான் அமெரிக்காவை வளர்த்தது என்று படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இங்கே நடக்காத ஒன்றை நிறுத்தி வைத்து, நடந்ததை அதோடு அளக்கிறார்கள். அதனால் ‘நிகழாநிலை’ என்று முன்வைக்கிறேன். ‘வாடா மலர்’ மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; ‘நிகழாநிலைக் கணக்கு’ என்று நீட்டவும் வரும். ‘நடவாநிலை’யும் யோசித்தேன், நாற்று நடவுதான் கண்ணில் வருகிறது.

சொல்லில் ‘வரலாறு’ மட்டும் வேண்டாம். ஃபோகல் போட்டது ஒரே ஓர் ஆண்டின் சரக்குக் கூலி. ரயில் இல்லாவிட்டாலும் அதே சரக்கு அதே ஊர்களுக்கிடையே போகும் என்று வைத்துக்கொண்டார். அதனால் விடை கூடுதலாக வருமே தவிரக் குறையாது என்பது அவர் வாதம். சரி, கூலி மட்டில் அது நிற்கும். ஆனால் அமெரிக்காவில் முன்பெல்லாம் ஊருக்கு ஊர் மணி வேறு. 1883 நவம்பர் 18 அன்று கடிகாரங்களை நாலைந்து பொது நேரங்களுக்குள் கொண்டுவந்தவை ரயில் கம்பெனிகள்தான். அதை எந்த வரியில் டாலராக எழுதுவது?

அப்புறம், அதே கணக்கில் வரும் ‘சோஷியல் சேவிங்’, அதாவது ரயிலால் நாட்டுக்கே மிச்சமான அந்தத் தொகை. ‘சமூகச் சேமிப்பு’ என்றால் பாஸ்புக் போல இருக்கிறது. ‘பஸ்ஸை விட ரயிலில் போனால் 300 ரூபாய் மிச்சம்’ என்றுதானே பேசுகிறோம்? ‘சமூக மிச்சம்’ போதும். மறுப்பவர்கள் உங்கள் சொல்லை ஒரு வாக்கியத்தில் போட்டுக் காட்டுங்கள்.