உளவியல் முனைவர் பட்ட விண்ணப்பம்: ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை அனுப்பலாமா?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ உளவியல் முனைவர் பட்டத்திற்கு வரும் டிசம்பரில் விண்ணப்பிக்க இருக்கிறேன். இதே வழியில் சென்றவர்கள் உதவ வேண்டுகிறேன்.

நான் முன்பே எழுதிய, மேற்படிப்புச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வில் மொழித்திறனுக்கு 161, கணிதத்திற்கு 152, எழுத்துப் பகுதிக்கு 4.5 கிடைத்தன. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும் என்பதால் காலாவதிக் கவலை இல்லை. ஆனால், கொரோனா காலத்தில் பல உளவியல் துறைகள் இத்தேர்வைக் கைவிட்டன. இன்று சில கட்டாயம் என்கின்றன, சில ஏற்பதே இல்லை, மற்றவை 'விருப்பம்' என்கின்றன. இந்த 'விருப்பம்'தான் என்னைத் தடுமாற வைக்கிறது. புள்ளியியலுக்கு முதன்மை தரும் துறையில் 152 என்ற கணித மதிப்பெண் என் ஆய்வு அனுபவத்தையே மறைத்துவிடுமோ என்று உண்மையாகவே அஞ்சுகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தில் துறையின் பக்கம் மதிப்பெண் தேவையில்லை என்கிறது. பொது விண்ணப்பத்திலோ மதிப்பெண்ணுக்கான கட்டத்தின் அருகே சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கிறது, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல முடியவில்லை. மின்னஞ்சல் அனுப்பி இரண்டு வாரங்களாகியும் பதில் வரவில்லை. இத்தகைய நிலையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

இன்னொன்று: என் இளநிலைப் பட்டம் வணிகவியலில், முதுநிலையில்தான் உளவியலுக்கு வந்தேன். உயிரியல், அறிதல், சமூகம், வளர்ச்சி, மருத்துவம், ஆய்வுமுறை எனப் பரந்த பாடப்பரப்பைச் சோதித்து 200 முதல் 990 வரை மதிப்பிடும் ஜி.ஆர்.இ. உளவியல் பாடத் தேர்வை எழுதினால், அந்தக் குறை ஈடாகுமா? அல்லது, அந்த மாதங்களை ஆய்வு நோக்க அறிக்கையைச் செதுக்கச் செலவிடுவதே மேலா? சேர்க்கைக் குழுவில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களின் கருத்தை அறிய மிகவும் விரும்புகிறேன்.