கத்திரி வெயிலில் பூத்தவை: வடசென்னை மதிலோர அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

கோடை வந்தால் எல்லோரும் செடிகளை நிழலுக்கு இழுக்கிறார்கள். நான் மாசியிலேயே வெயிலுக்கென்று தனியாக விதைத்துவிடுவேன். எங்கள் வீட்டு மதிலை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. தெற்கும் மேற்கும் திறந்த இடம். மண்ணோ கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போகும். ரோஜா வைக்கச் சொன்ன நர்சரிக்காரரிடம், அந்தப் பாத்தியில் மதியம் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நின்று காட்டுங்கள், வைக்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஜினியா விதையைக் கட்டிக் கொடுத்தார்.

ஜினியா, செண்டுமல்லி, காஸ்மாஸ் மூன்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். வெயில் அவற்றுக்குத் தண்டனையல்ல, சாப்பாடு. மாசியில் விதைத்தால் ஜினியா ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். சித்திரையில், அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரத்தில், சிவப்பும் ஆரஞ்சுமாக மதில் நிறைந்துவிடும். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்ய மனம் வராமல் விட்டுவிடுகிறார்கள். செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து ஒரே ஒரு பூவைக் காட்டிவிட்டு நிற்கும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் மொட்டு கட்டும். வாடிய பூவை அன்றன்றே வெட்டிவிட வேண்டும். விதை கட்டிவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும்.

காஸ்மாஸுக்குச் சாணி எரு போட்டு வளர்த்த பக்கத்து வீட்டு அம்மா, தோள் உயரத்துக்கு இலை வந்திருக்கிறது, பூவைத்தான் காணோம் என்று குறைப்பட்டார். வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில்தான் அது அள்ளிக் கொட்டும். எங்கள் மணலுக்கு என்றே பிறந்த பூ.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில், வேர் வரை இறங்கும்படி. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, மதிய வெயிலில் மண்ணோடு சேர்ந்து காயும். தண்ணீர் இலையில் படாமல் அடியில் விடுங்கள். இலை நனைந்துகொண்டே இருந்தால் ஜினியாவில் புள்ளி நோய் வரும்; நெருக்கமாக நட்டால் சாம்பல் பூத்தது போன்ற வெள்ளைப் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். ஒரு முழம் இடைவெளி கொடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

அக்கா, உங்களுக்கு மணல்தான் தொல்லை. எங்களுக்குத் தண்ணீரே உப்பு. போர் தண்ணீர் பிடிக்கும் வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் கட்டி, சுரண்டினால் செதில் செதிலாக வரும். அதே தண்ணீர்தான் தொட்டிக்கும் போகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கும். இலை ஓரங்கள் முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். வெயில் சுட்டுவிட்டது என்று எண்ணி இன்னும் அதே தண்ணீரை ஊற்றுவார்கள். எங்கள் மாடி வீட்டு அண்ணன் ஒருபடி மேலே போய், வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் கழிவு நீரையும் செண்டுமல்லிக்கு ஊற்றினார். நல்ல நீரைப் பிரித்தெடுத்த பின் மிச்சமிருக்கும் மொத்த உப்பும் அதில்தானே இருக்கிறது! வரிசையாகப் போய்விட்டன.

எனக்குக் கைகொடுத்தது ஏ.சி. வெளியேற்றும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிடையாது. நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரவெல்லாம் ஓடினால் குழாயின் கீழே வைத்த பக்கெட் காலையில் கணிசமாக நிரம்பியிருக்கும். முளை விட்ட நாற்றுக்கும் ஜினியாவுக்கும் அதைத்தான் விடுகிறேன். மற்றவற்றுக்குப் போர் தண்ணீர். அவ்வப்போது லாரித் தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுவேன். இன்னொன்று: தொட்டிக் கலவைக்குத் தென்னைநார்க் கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தடவை ஊறவைத்து, பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலும் உப்பு உண்டு.

இத்தனையும் தேவைப்படாத ஒரே செடி டேபிள் ரோஸ், பத்து மணிப் பூ. பருப்புக்கீரையின் சொந்தம் அது. தென் அமெரிக்காவில் பிறந்தது. ஊசி போன்ற சதைப்பற்றான இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 2019 கோடையில் புழல் ஏரியே தரை தெரியக் கிடந்தபோது, எங்கள் வீட்டில் குளிக்கவே அளந்து ஊற்றினோம். செடிகளை யார் கவனித்தார்கள்? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் இருந்த டேபிள் ரோஸ் மட்டும் சுருங்கிச் சுருங்கிப் பிழைத்து, காலையில் பூவையும் காட்டியது. ஒரு துண்டுத் தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும்.

பூ முழுதாக விரிந்திருக்கும்போது ஒரு ஈர்க்குச்சியால் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை மெல்லத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் தொடுகிறீர்களோ அந்தப் பக்கமே அவை அசைந்து சாயும். தேனீ உட்கார்ந்தாலும் இதே கதைதான். உடம்பெல்லாம் மஞ்சள் பொடியைப் பூசி அனுப்பும். என் மகனுக்கு இதைக் காட்டிய நாளிலிருந்து அவன் காலைச் சிற்றுண்டி மாடியில்தான். மேகம் மூடினால் மட்டும் பூ விரியாமல் முரண்டு பிடிக்கும்.

பெரம்பூரிலிருந்து:

இங்கே களிமண். நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எங்கள் மாமனாருக்கு நித்தியகல்யாணி என்றால் உயிர். வாசலின் இரு பக்கமும் வெள்ளையும் ஊதாவுமாக நட்டார். மதியம் இலை சற்றே மடங்கினால் அவருக்குப் பொறுக்காது. உடனே ஒரு செம்பு தண்ணீர். சாயங்காலம் தானாக நிமிரும் செடி அது, விட்டுவிடுங்கள் மாமா என்றால் கேட்பாரா? களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகியது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை மேலும் துவண்டது. துவண்டதைப் பார்த்து அவர் மேலும் ஊற்றினார். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் சுடுகாட்டு ஓரத்திலும் ரயில் பாதை ஜல்லியிலும் யாரும் சீண்டாமல் பூக்கிற செடியை வீட்டுக்குள் அன்பால் சாகடித்தோம்.

அடுத்த தடவை உடைந்த செங்கல்லை அடியில் பரப்பி, மணலும் மக்கிய எருவும் கலந்து, பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்திக் கட்டினோம். அதன்பின் ஒரு செடியும் போகவில்லை. மாமனாரை மல்லிகைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டோம். அது அவர் ஊற்றுவதைத் தாங்குகிறது. சிறு குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை: புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் கிடைத்ததே இந்தச் செடியிலிருந்துதான். இலையைக் கடித்தால் நஞ்சு.

மணலியிலிருந்து:

எங்கள் தெருவில் லாரிகள் ஓயாது. செடிகள் காலையில் பச்சை, மாலையில் சாம்பல் நிறம். செண்டுமல்லி இலைகள் வெளிறிப் புள்ளி புள்ளியாகி, அடியில் நூலாம்படை போல மெல்லிய வலை தெரிகிறது. இது என்ன? பொங்கலுக்கு வாங்கிய சாமந்தித் தொட்டியும் இலையாகவே நிற்கிறது. அதற்கும் வெயில் போதவில்லையா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

வலை கட்டுவது சிவப்புச் சிலந்திப் பேன், தம்பி. வறண்ட சூடும் தூசும்தான் அதற்குக் கொண்டாட்டம். பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் பலமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், தூசும் போகும். இலையில் நீர் படக்கூடாது என்று நான் சொன்னது ஜினியாவுக்கு. இதற்கு அல்ல, வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால், வேப்ப எண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். வலை அடர்ந்த கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சாமந்திக்கு வெயில் பிரச்சினை இல்லை. பகல் நீளமாக இருக்கிறது. பகல் குறுகும் பருவத்தில்தான் அது மொட்டு வைக்கும். உயிரோடு வைத்திருங்கள், ஐப்பசிக்கு மேல் பார்க்கலாம். அதுவரை அந்த இடத்துக்கு வாடாமல்லி வையுங்கள். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தபோது எங்கள் பாத்தியில் நிறம் மங்காமல் நின்றது அது மட்டும்தான். நாம் பூவென்று பார்க்கும் ஊதா, காகிதம் போன்ற செதில்கள். உண்மைப் பூக்கள் அவற்றுக்கு நடுவே பொடிப் பொடியாக எட்டிப் பார்க்கும். காய்ந்த தலையை உதிர்த்தால் ஒவ்வொரு செதிலுக்குள்ளும் பஞ்சு சுற்றிய விதை இருக்கும். ஓரிரவு ஊறவைத்து விதையுங்கள். முளைக்க ஜினியாவைவிட நாளாகும், பொறுமை வேண்டும்.

என்னிடம் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காகிதப் பொட்டலத்தில் நிறைய இருக்கின்றன. இந்தப் பக்கம் வருபவர்கள் வாங்கிக்கொள்ளலாம். கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சிறியது, கருப்பாக மின்னும். பொட்டலத்தைக் காற்றாடிக்குக் கீழே பிரிக்காதீர்கள்.