வாட்டர் செல் ரெசனன்ஸ்: கணக்கு சரியா வருது, ஸ்கோப்ல எதுவும் வரல

கேள்வி:
ரெண்டு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டு, தண்ணிய கரண்ட்ல பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற செல் பண்ணிருக்கேன். உள் பைப்போட வெளி விட்டம் 12 மிமீ, வெளி பைப்போட உள் விட்டம் 15, தண்ணில முங்குற நீளம் 10 செமீ. தண்ணியோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 80னு போட்டா கெப்பாசிட்டன்ஸ் 2 நானோஃபாரட் வருது, சீரிஸ்ல 10 மில்லிஹென்றி காயில், அப்ப 35.6 கிலோஹெர்ட்ஸ்ல ரெசனன்ஸ் ஆகி வோல்டேஜ் எகிறணும்ல? 5ல இருந்து 80 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஃப்ரீக்வென்சி குமிழ திருகி திருகி கையே வலிக்குது, அலைய காட்டற ஸ்கோப்ல ஒரு மேடு கூட காணோம். கெப்பாசிட்டன்ஸ் அளக்கற எல்சிஆர் மீட்டர் வேற 100 ஹெர்ட்ஸ்ல மைக்ரோஃபாரட்னு காட்டுது. போர் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) 500.

பதில் 1:
கணக்கு சரிதான் தம்பி, ஆனா தண்ணிய வெறும் கெப்பாசிட்டரா எடுத்துட்டீங்க. டிடிஎஸ் 500னா கரண்ட கடத்துற அளவு சுமாரா 1000 மைக்ரோசீமன்ஸ், உங்க பைப் அளவுக்கு அது மூணரை ஓம் ரெசிஸ்டர், அந்த 2 நானோவுக்கு பேரலல்லயே உக்காந்திருக்கு. ரூட் எல் பை சி போட்டா 2236 ஓம் வரும், மூணரைய அதால வகுங்க, க்யூ (ரெசனன்ஸ் எவ்ளோ கூர்மையா வரும்ங்கற அளவு) 0.0016. மேடு எங்கருந்து வரும்? 2 மைக்ரோசீமன்ஸ் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினாக்கூட க்யூ ஒண்ணத் தொடாது. மீட்டர் காட்டுற மைக்ரோஃபாரட் பைப் மேல அயனிங்க ஒட்டுற டபுள் லேயரோடது, அத ஃபார்முலால போடாதீங்க. செல்ல கழட்டிட்டு 222 (2.2 நானோஃபாரட்) பாலியஸ்டர் கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்க.

பதில் 2:
இது தண்ணில கார் ஓட்டறேன்னு சொன்ன ஸ்டான்லி மேயரோட சர்க்யூட்தானே? 1996ல ஒஹாயோ கோர்ட்டே மோசடின்னு சொல்லி ரெண்டு முதலீட்டாளருக்கு 25,000 டாலர் திருப்பித் தரச் சொல்லுச்சு. ரெசனன்ஸே கெடச்சாலும் ஹைட்ரஜன் கேஸ் அதிகமா வராதுங்க, ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினா ஹைட்ரஜன் 0.42 லிட்டர்தான், ஃபாரடே கணக்கு அது. அப்புறம் உப்பு கிப்பு போட்டுடாதீங்க, குளோரின் வரும். மூடி போட்டு அடைக்கவும் வேணாம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ரெண்டு கேஸும் கலந்தே வருது, ஒரு பொறி போதும்.

கேள்வி கேட்டவர்:
222 போட்டேன் அண்ணே, 34 கிலோஹெர்ட்ஸ் கிட்ட ஊசி மாதிரி எந்திரிச்சுது! அப்படியே செல்லோட வயர பக்கத்துல தொட்டேன், பொத்துனு படுத்துடுச்சு, எடுத்தா திரும்ப வருது. பத்து தடவ பண்ணிருப்பேன். மேயர் வீடியோ பாத்துதான் ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். அந்த காயில வச்சு ஏஎம் ரேடியோ பண்ண முடியுமா?

பதில் 1:
10 மில்லி ரொம்ப ஜாஸ்தி, ஏஎம்முக்கு 250 மைக்ரோஹென்றி கிட்ட வேணும். சுத்தினத பிரிங்க.