யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு பின்னேரம்: உங்களை விடாமல் துரத்துவது எது?

மானிப்பாய் மருமகள்:
கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளை நான் வர்ணிக்கத் தேவையில்லை. மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, சங்கிலி சொல்லப் போயிருந்தோம். பக்கத்துக் கதிரையில் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும். "விற்கவா அம்மா, அடகுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "விற்கத்தான் தம்பி." அங்கேயே இருந்து தோடுகளைக் கழற்றினார். ஒரு சுரை இறுகிக் கிடந்தது. உதவ வந்த பையனின் கையைத் தட்டிவிட்டார். பிறகு கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து, அளவாக நறுக்கி வைத்திருந்த இரண்டு ஈர்க்குத் துண்டுகளை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். எதிரே கண்ணாடி இருந்தது, பார்க்கவில்லை. காசை எண்ணி வாங்கிக்கொண்டு, "நல்ல வடிவான சங்கிலியாக எடுங்கள் பிள்ளை" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஈர்க்கை வீட்டிலேயே நறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அலுப்பாந்தி:
இதற்கு அழுவானேன்? எங்கள் ஊரில் நகை போட்டு அழகு பார்க்க மட்டுமா? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், போருக்குப் பயந்து ஊரோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது வீட்டையா தூக்கிக்கொண்டு போனோம்? காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான் பிறகு அரிசியானது. அந்த அம்மாவுக்குக் கணக்குத் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த புதிதில், இரும்புச் சாமான் கடையொன்றின் வாசலில் ஒரு பெரியவர் படியையே பார்த்தபடி நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம் மகன். 1990இல் எங்களைப் போகச் சொல்லும்வரை இது என்னுடைய கடை. இந்த வெடிப்புக்குச் சீமெந்து பூசியது நான்தான்" என்றார். 1990இல் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் ஒருவர், புத்தளத்திலிருந்து வந்தவராம். உள்ளே இருந்த முதலாளி தேநீர் எடுப்பித்தார். வீதியில் நின்றே குடித்தார், படியில் கால் வைக்கவில்லை. அவரைத் துரத்தியபோது நாங்கள் என்ன சொன்னோம் என்று யாரும் இங்கே எழுதுவதில்லை.

தட்டாதெருவான்:
நவீன சந்தையில் பனங்கட்டிக் குட்டான் (ஓலைப்பெட்டியில் வரும் பனைவெல்லம்) வாங்கினேன். "தம்பி வெளிநாடோ?" என்று கேட்டதோடு விலை ஏறியது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மருமகளுக்குச் சில விடயம் சொல்ல வேண்டும். சங்கிலி சொல்லும்போது நிறை, சேதாரம், செய்கூலி மூன்றையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பவுண் என்றால் 8 கிராம்; 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்குதான் தங்கம். கல் வைத்த நகையென்றால் கல்லின் நிறையைக் கழித்தார்களா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். பழையதை மாற்றுவதானால் இரண்டு கடையில் உரைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பனங்கட்டி வாங்கினால் ஒரு துண்டு வாயில் போடுங்கள். இனிப்புக்கு அடியில் இலேசான உப்புக் கரிப்பு தெரிய வேண்டும், வெறும் சீனி இனிப்பென்றால் வைத்துவிட்டு நடங்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) முறித்தால் சடக்கென்று முறிய வேண்டும். கருவாட்டைக் கடைசியில் வாங்குங்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தானே. குடை கொண்டுபோங்கள்.

மானிப்பாய் மருமகள்:
தட்டாதெருவான், சங்கிலி செய்து, போட்டு, சாமத்திய வீடும் முடிந்துவிட்டது. கருவாடு எங்கே வந்தது? அலுப்பாந்தி அண்ணா, அழுதேன் என்று நான் எங்கே எழுதினேன்?