ரயில் ஆய்வுக்குக் கூட்டு நிதி கேட்டவர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பேராதனையிலிருந்து ஒருவர்:

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் அறுத்துப்போட்ட பிறகு, மண்சரிவு ஆய்வுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் எழுதுங்கள். ஆனால் இப்படியான நிதிக்குப் பல்கலைக்கழகம் தனியாகப் போனால் போதாது, தொழில்துறைப் பங்காளியும் கூட வரவேண்டும். நான் பார்த்த விண்ணப்பங்களில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான். கடைசி வாரத்தில் ஒரு கம்பனியிடம் ஆதரவுக் கடிதம் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எங்கள் குழுவில் பல்கலைக்கழகத்தினர், உணரிகள் செய்யும் ஒரு சிறிய கம்பனி, பாதையைப் பராமரிக்கும் பொறியியலாளர்கள் என மூன்று தரப்பு. கம்பனிக்குக் கெமரா வைக்க ஆசை. பாதையில் கல்லோ மண்ணோ விழுந்தால் படம் பிடித்து அடுத்த நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் திட்டம் அது. விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுமுன் ஒஹியவிலிருந்து இதல்கசின்ன வரை பாதைக் கேங்கோடு, அதாவது பாதையைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் குழுவோடு, நடந்து பார்ப்போம் என்று கேட்டோம். அனுமதி கிடைத்தது. கேங்கில் நெடுங்காலம் வேலை செய்த ஓர் அண்ணன் சொன்னார்: "கெமரா வச்சா விழுந்த பிறகுதான் தம்பி தெரியும். தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க. வாய்க்கால் அடைச்சா மல அன்னைக்கே எறங்காது, ஊறி ஊறித்தான் எறங்கும்."

அந்தப் பேச்சு எங்கள் ஆய்வுக் கேள்வியையே மாற்றியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மழையளவை வைத்து வருகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் அடுத்த கட்டம், 150 தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். குடியிருப்புகளுக்கு அது மிகத் தேவையானது, பல உயிர்களைக் காக்கும் ஏற்பாடு. ரயில் பாதையிலோ மலையை வெட்டிய சரிவு, மேலே தோட்டத்து வடிகால், கீழே மதகு, எல்லாம் சில மீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே மழைக்கு ஒரு வெட்டு நிற்கும், பக்கத்து வெட்டு சரியும். மண்ணுக்குள் நீரழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி தளர்வதுதான் காரணம். ஆகவே கெமராவை விட்டுவிட்டு, சரிவுக்குள் நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டர்களை வைப்பது என்று முடிவானது. கம்பனி முதலில் முகம் சுளித்தது. அதே கருவி வீதி ஓரச் சரிவுகளுக்கும் போகும் என்று புரிந்ததும் அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பங்களிப்புக் கணக்கில் கவனமாக இருங்கள். காசாகத் தராமல் பொருளாகவும் நேரமாகவும் தருவதைக் கம்பனிகள் விற்பனை விலையில் போட்டுப் பெருக்கிக் காட்டப் பார்க்கும். அடக்க விலையில் போடச் சொன்னோம். ரயில்வே தரப்பு தந்தது டிரொலியும் பாதையை எங்களுக்காக மூடித்தரும் நேரமும். ஒற்றைப் பாதையில் அந்த நேரத்தின் மதிப்பு பெரிது, அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேர்முகத்தில் எங்களை அதிகம் வாட்டிய கேள்வி: "திட்டம் முடிந்த பிறகு பற்றரியை யார் மாற்றுவது?" ஒப்பந்தத்தில் பராமரிப்புக்குத் தனிப் பந்தி இருந்ததால் தப்பினோம். தரவு யாருக்குச் சொந்தம் என்பதும் அதே பந்திக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நிதி கிடைத்த பிறகு பேசலாம் என்று விட்டால் நட்பே முறிந்துவிடும்.

பதுளையிலிருந்து ஒருவர்:

நாங்கள் ஐரோப்பியப் பக்கம் போனோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் இலங்கை நிறுவனங்களுக்கும் நிதி பெறும் தகுதி உண்டு, பலருக்கு இது தெரியாது. பொதுவாக அங்கே ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்லது திட்டத்தோடு இணைந்த நாடுகளில் மூன்று வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்கள் அடிப்படையாக இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது உறுப்பு நாட்டிலிருந்து. நாம் அதற்கு மேலதிகமாகச் சேரலாம். ஆய்வு வகைத் திட்டத்துக்குச் செலவை முழுதாகத் தருவார்கள், புத்தாக்க வகையில் இலாப நோக்குள்ள கம்பனிக்கு 70 சதவீதம்தான். கம்பனியோடு பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தலைப்பு, வளைவுகளில் ரயில் சக்கர விளிம்பு தேய்வது. 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை, 44 மீற்றருக்கு 1 மீற்றர் ஏற்றம், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகள், பட்டிப்பொலயில் 1,891 மீற்றர் உயரம். இதைச் சொன்னதும் அங்கிருந்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆய்வுகூடத்தில் கட்ட முடியாத சோதனைத் தளம் நம்மிடம் நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழை நாடு உதவி கேட்கிறது என்ற தொனியில் எழுதாதீர்கள். இந்தப் பாதை நம் பங்களிப்பு, விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒருவர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கால அட்டவணை. பட்டிப்பொலவுக்கு மேற்கே, வட்டவளை, ஹட்டன் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் டிசம்பரில் வடகீழ் மழை. இடையில் ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். எங்கள் நிதி கைக்கு வருமுன் கேள்விப்பத்திரம், கணக்காய்வு என்று இழுபட்டு மழைக்காலமே போய்விட்டது. மண்ணைக் காய்ந்த நாளில் அளந்து என்ன செய்வது? ஒரு வருடத் திட்டம் கேட்காதீர்கள், இரண்டு வருடம் கேளுங்கள். கருவி வாங்கும் வேலையை முதல் மாதத்திலேயே போடுங்கள். அப்புறம், பாதைக்குள் இறங்கும் அனுமதிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். கோச்சி ஓடும் பாதையில் அது இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது.