புதுப்பிப்பு: அந்த சைக்கிள் கிளப் பட்டன் அசல்தான்

போன மாதம் இங்கே ஒரு பழைய அமெரிக்க சைக்கிள் கிளப் பட்டனின் (சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ்) படத்தைப் போட்டு, இது அசலா, பின்னாளில் அடித்த நகலா என்று கேட்டிருந்தேன். பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, விடை அங்கேதான் இருந்தது.

உள்ளே ஒட்டிய தாள் பாதி கிழிந்திருந்தாலும் லென்ஸ் வைத்துப் படிக்க முடிந்தது: ஒயிட்ஹெட் அண்டு ஹோக், நெவார்க், நியூ ஜெர்சி. கீழே 1896 காப்புரிமைத் தேதி. செல்லுலாய்டு என்ற ஆரம்பகால பிளாஸ்டிக்கால் மூடிய பட்டன்களைப் பெரிய அளவில் பரப்பிய கம்பெனி இது. அந்த வருஷம் மெக்கின்லியும் பிரையனும் மோதிய அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில்தான் இவை ஊரெல்லாம் பரவின.

ஆனால் 1896 என்பது செய்த வருஷம் அல்ல. அதே தேதியைப் பல வருஷம் அச்சிட்டார்கள், அதனால் 'அதற்கு முந்தையது அல்ல' என்று மட்டும் சொல்லலாம். சைக்கிள் மோகம் தணியத் தொடங்கிய 1900 வாக்கில் வந்தது என்பது என் கணிப்பு.

சோப்புத் தண்ணீரில் கழுவச் சொன்ன நண்பருக்கு: வேண்டவே வேண்டாம்! ஓரத்து வளையம் வழியாக ஈரம் இறங்கினால் செல்லுலாய்டுக்கு அடியில் இருக்கும் படத்தாளில் பழுப்புக் கறை படியும், அதை எடுக்க வழியே இல்லை. உலர்ந்த மெல்லிய துணி போதும்.

அப்புறம், கூடவே வந்த சூப்பர்மேன் பட்டன் 1940-களில் கெல்லாக்ஸ் பெப் என்ற காலை உணவு தானிய டப்பாவில் இலவசமாகக் கொடுத்தது. அது தகரத்தில் நேரடியாக அச்சிட்ட வகை. கீறல் நிறைய, விற்க மாட்டேன்.