உணரிப் பழுதும் தடப்பழுதும்: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

"சென்சார் ஃபால்ட்" என்பதற்கு "உணரிப் பழுது" போதும் என்று இந்த இழையில் பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். உணரி என்ற சொல்லில் எனக்கு மறுப்பே இல்லை. எளிதாக அமைந்த சொல், புழக்கத்திலும் ஊன்றிவிட்டது. ஆனால் வண்டியின் இன்ஜின் கணினி பதிந்துவைத்து, ஸ்கேனர் கருவி காட்டும் பழுதுக் குறியீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தால், பழைய வண்டி வைத்திருப்பவரின் பணம்தான் கரையும். அதற்குத் "தடப்பழுது" என்ற சொல்லை முன்மொழிகிறேன். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான குறிப்பில் இது வரப்போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பி0118 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுக் குறியீடுகளுக்கான எஸ்ஏஇ ஜே2012 தரத்தில் இதன் பொருள், இன்ஜின் குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியின் மின்சுற்றில் சமிக்ஞை அளவு மீறி உயர்ந்திருக்கிறது என்பது. பி0335 கிராங்க் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) உணரியின் சுற்றைச் சொல்கிறது, பி0340 கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உணரியின் சுற்றை. உணரி கெட்டுவிட்டது என்று இவற்றில் எதுவுமே சொல்லவில்லை. பட்டறைக்கு வரும்போது "சுற்று" உதிர்ந்துபோய் "டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு சார்" என்று ஆகிவிடுகிறது. புதுசு மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் டாஷ்போர்டில் செக் லைட் (பழுது விளக்கு) மறுபடி எரிகிறது. "டூப்ளிகேட் ஐட்டம், ஒரிஜினல் போட்டுடலாம்" என்று அடுத்த செலவு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் தொட்டியைத்தானே பார்ப்போம். குழாயை யாரும் மாற்றுவதில்லை.

சோதனை ஒன்றும் கடினமானதல்ல. இந்த வெப்ப உணரிக்குப் பெரும்பாலும் இரண்டே வயர்கள்தான்: ஒன்று சமிக்ஞை, மற்றது எர்த் (மின்னோட்டம் திரும்பும் வழி). சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும்: பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சாவியை ஆன் செய்துவிட்டு, உணரியில் மாட்டியிருக்கும் கப்ளரை (வயர் இணைப்பானை) கழற்றி, ஸ்கேனரைப் பாருங்கள். சுற்று அறுந்ததால் பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி காட்டும். சென்னை வெயிலில் நிற்கும் வண்டி மைனஸ் 40 காட்டினால் அது வெப்பநிலை இல்லை, அறுந்த சுற்றின் அடையாளம். இப்போது கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். அளவு ஒரே தாவலில் 130-ஐத் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். போனால் வயரும் கணினியும் நலம், குற்றவாளி உணரி, அல்லது கப்ளர் முனையின் தளர்ந்த பிடி. மைனஸ் 40-லேயே நின்றால், சமிக்ஞை முனையை மட்டும் பேட்டரியின் நெகட்டிவோடு இணைத்துப் பாருங்கள். அதற்கு ஏறினால் எர்த் வயரில் கோளாறு. ஏறவில்லை என்றால் சமிக்ஞை வயர் எங்கோ விட்டிருக்கிறது, அல்லது கணினிப் பக்கம் பார்க்க வேண்டும். (கணினியிலிருந்து தனி வயரில் 5 வோல்ட் ஊட்டு வரும் மூன்று வயர் உணரிகளில் இப்படி முனைகளை இணைக்கக் கூடாது. குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.)

பதினைந்து, இருபது வயதான வண்டியில் உணரி கெடுவதற்கு முன்னால் அதைச் சுற்றி இருப்பவை கெட்டிருக்கும். இன்ஜின் சூட்டில் வயரின் மேலுறை விறைத்து வெடிக்கும். கப்ளருக்குள் பெண் முனையின் பிடி தளரும், பச்சைக் களிம்பு பூக்கும். பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறும். சீல் கசிந்த எண்ணெய் கப்ளருக்குள் இறங்கும். இவை எதுவும் புது உணரியால் சரியாகாது.

ஆகவே என் முன்மொழிவு: குறியீடு சொல்வதற்குத் தடப்பழுது, உணரி மட்டும்தான் கெட்டது என்று சோதித்து உறுதியான பிறகே உணரிப் பழுது. கணினியில் புறப்படும் மின்னழுத்தம், வயர், கப்ளர், உணரி, திரும்பி வரும் எர்த் எல்லாம் சேர்ந்தது உணரித்தடம்.

"சுற்றுப்பழுது" என்றே சொல்லலாமே என்று கேட்பீர்கள். மின்சுற்று நிலைத்துவிட்ட சொல், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் "சுற்று" என்று தனியாக நிற்கும்போது முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று காது வேறு பக்கம் போகிறது. மெக்கானிக்குகள் "லைன் வரல", "லைன் கட்" என்கிறார்கள். அந்த லைனுக்குப் பக்கத்தில் நிற்பது தடம்தான். வழித்தடம் என்று பஸ்ஸுக்கே சொல்லிப் பழகியிருக்கிறோம். தடை என்ற சொல்லோடு குழம்புமே என்பது நியாயமான கவலை, ஆனால் தடப்பழுது என்று சேர்ந்து வரும்போது குழப்பம் குறைவு.

எர்த்துக்குப் "புவித்தொடுப்பு" வேண்டாம். வீட்டு வயரிங்கில் அது சரி, அங்கே கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. காரில் மின்னோட்டம் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது, புவிக்கு அதில் வேலையே இல்லை. "மீள்தடம்" என்று வைத்தால், எங்கே சோதிக்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே தெரியும்: இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, கப்ளர் மாட்டியபடியே உணரியின் மீள்தட முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது.

இன்னொரு நிலைமைக்கும் பெயர் வேண்டும். பல உணரிகள் கணினியின் ஒரே 5 வோல்ட் ஊட்டைப் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாமே சரியும், நாலைந்து குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். இதைப் "பொதுத்தடப் பழுது" எனலாம். எல்லா உணரியும் ஒன்றாகச் செத்துவிட்டதாக நினைத்து ஒரு மாணவன் பில் போடாமல் இருக்க இந்தச் சொல் உதவும்.

"மீள்பழுது" (திரும்பவும் வரும் பழுது) என்று இந்த இழையில் முன்பு ஒருவர் சொன்னதை, மாற்றிய புது உணரியும் உண்மையிலேயே சாகும் நிலைமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போது கேள்வி வேறு: அதைக் கொல்வது எது? சைலன்சர் சூடா, கசியும் எண்ணெயா, ஆல்டர்னேட்டரின் கட்டுமீறிய மின்னழுத்தமா?

வயரை ஆட்டிப் பார்க்கும் விக்கிள் டெஸ்டுக்கு "அசைவுச் சோதனை" எனக்குச் சம்மதம். அந்த 5 வோல்ட்டுக்கு (ரெஃபரன்ஸ் வோல்டேஜ்) "மேற்கோள் மின்னழுத்தம்" மட்டும் வேண்டாம். "ஒப்பு மின்னழுத்தம்" பொருந்துகிறது. தடப்பழுதுக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்த பாடத்தில் பி0118-ஐ அந்தப் பெயரில்தான் எழுதப் போகிறேன்.

அன்புடன்